காஞ்சிபுரம் அனுப்பிய உறுப்பினர்: சட்டமன்றவாதி அண்ணா

காஞ்சிபுரம் பக்கத்துத் தென்னேரி வட்டாரத்தில் ஒரு எம்.எல்.ஏ.வை மக்கள் எடைபோடும் இடம் ஏரிக்கரை. மதகு சரியாக அடைக்கத் திறக்க வருகிறதா, கலங்கல் உடைந்து கிடக்கிறதா, வரத்துக்காலில் தூர் எடுத்தார்களா, இதுதான் கேள்வி. அவர் கோட்டையில் என்ன பேசினார், எந்த மசோதாவை எதிர்த்தார் என்று விசாரிப்பவர் அபூர்வம். இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொண்டைமான் இளந்திரையனோடு சேர்த்துப் பேசப்படும் அந்தப் பெரிய ஏரி நிரம்பினால்தான் ஆயக்கட்டில் நெல் விளையும்.

இந்த அளவுகோலுக்கு வயதும் அதிகம். தெற்கே உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில் 919லும் 921லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையை விவரிக்கின்றன. அங்கே தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று. நிற்பவருக்கு வேண்டிய தகுதிகள்: வயது 35க்கு மேல், 70க்குள். சொந்த மனையில் வீடு. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. இந்தக் கடைசி விதியைப் படிக்கும்போது யாருக்கும் ஒரு ஏக்கம் வரும். ஆனால் அது வேதம் படித்த, நிலம் வைத்திருந்த பிராமணச் சபையாரின் ஏற்பாடு. உழுதவர் பெயரோ நெய்தவர் பெயரோ அந்தக் குடத்துக்குள் போகவில்லை. மேடையில் உத்திரமேரூரைப் புகழ்பவர்கள் இந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

நெசவாளர் குடும்பத்தில் பிறந்த ஒருவர் அதே வட்டாரத்திலிருந்து சட்டமன்றத்துக்குப் போக ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1909 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் பிறந்த சி.என்.அண்ணாதுரை, 1957இல் அந்த ஊரின் உறுப்பினரானார். அவரைப் பேச்சாளராக, எழுத்தாளராக, கட்சி கண்டவராக, முதலமைச்சராக எழுதிக் குவித்திருக்கிறோம். சட்டமன்றவாதியாக அவர் எப்படி என்ற கேள்வியை மட்டும் ஓரமாகவே வைத்திருக்கிறோம். அவர் முதலமைச்சராக இருந்தது 1967 மார்ச் 6 முதல் 1969 பிப்ரவரி 3 வரை. இரண்டு ஆண்டு முழுதாக இல்லை. அவர் பெயரைச் சொல்லும் சட்டங்களை ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். அப்படியிருந்தும் அவை ஏன் அரை நூற்றாண்டைத் தாண்டி நிற்கின்றன? அதற்கான விடை முதலமைச்சர் நாற்காலியில் இல்லை, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கிக்கொள்கிறேன், அது எல்லோரும் அறிந்தது. காஞ்சிபுரம் பச்சையப்பன் பள்ளி, நகராட்சியில் கொஞ்ச காலம் எழுத்தர் வேலை, பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரி. பொருளாதாரமும் அரசியலும் படித்து எம்.ஏ. நீதிக்கட்சி சார்பில் சென்னை மாநகராட்சிக்குப் பெத்துநாயக்கன்பேட்டையில் நின்று தோற்றார். 1938இல் இந்தி எதிர்ப்பில் சிறை. 1942இல் காஞ்சிபுரத்திலிருந்து 'திராவிட நாடு' வார இதழ். 1944 சேலம் மாநாட்டில் நீதிக்கட்சியைத் திராவிடர் கழகமாக்கிய தீர்மானத்துக்கு அவர் பெயரே வந்தது. 1949இல் தி.மு.க. அந்தக் கட்சி தேர்தலில் நிற்பதென்று 1956 திருச்சி மாநாட்டில்தான் முடிவெடுத்தது. அதுவும் தலைமை அறிவித்த முடிவாக வரவில்லை, வந்திருந்தவர்களிடம் வாக்கெடுத்து வந்தது.

அடுத்த ஆண்டுத் தேர்தலில் பதினைந்து பேர் உள்ளே போனார்கள். காஞ்சிபுரத்தில் அண்ணா, குளித்தலையில் மு.கருணாநிதி, எழும்பூரில் க.அன்பழகன், பெரம்பூரில் சத்தியவாணி முத்து. அங்கீகாரம் பெற்ற கட்சி என்ற தகுதிகூட அப்போது இல்லை. எதிர்க்கட்சித் தலைவர் பதவியும் இவர்களிடம் வரவில்லை. காங்கிரசிலிருந்து பிரிந்து வந்தவர்களின் தலைவரான வி.கே.ராமசாமி முதலியார் அதில் இருந்தார். எதிரே முதலமைச்சர் காமராஜர், நிதியும் அவை முன்னவர் பொறுப்பும் வைத்திருந்த சி.சுப்பிரமணியம். பேச்சில் அனல் பறக்கலாம், வாக்கெடுப்பில் தோல்வி நிச்சயம். அப்படிப்பட்ட அவையில் ஒரு உறுப்பினரால் என்ன செய்ய முடியும்? கேள்வி கேட்கலாம், வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம், தனி உறுப்பினர் தீர்மானம் கொண்டுவரலாம். எல்லாம் தோற்கும். ஆனால் எல்லாம் நடவடிக்கைக் குறிப்பில் ஏறும்.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். திராவிட நாடு என்ற தனி நாடு கேட்ட கட்சி, இந்திய அரசியலமைப்பின் மேல் உறுதிமொழி எடுத்துக்கொண்டு அவையில் உட்கார்ந்தது. அயர்லாந்தில் 1918இல் சின் ஃபெயின் கட்சி 73 இடங்களை வென்றும் லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போகவில்லை. டப்ளினில் தனி அவை கூட்டியது. அண்ணாவுக்கு அந்த வழி தெரியாததல்ல, அயர்லாந்து வரலாறு திராவிட இயக்கத்தார் விரும்பிப் படித்த பாடம். அவர் உள்ளே போவதைத் தேர்ந்தெடுத்தார். பேரவைத் தலைவரின் ஆணைக்குக் கட்டுப்பட்டு, நேரம் முடிந்தால் உட்கார்ந்து, எதிர் வரிசையில் இருந்தவர்களை மதித்துப் பேசினார். அவருடைய அவைப் பதிலடிகள் என்று ஏராளமான துணுக்குகள் உலவுகின்றன. அவற்றில் பல, சொன்னது யார், எங்கே என்று தேடினால் கரைந்துபோகும். துணுக்குகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் தெரிவது, தோற்கப்போகும் தீர்மானத்துக்கும் முழு வாதத்தோடு தயாராகி வந்த ஓர் உறுப்பினர்.

பெயர் மாற்றத்தின் கதையே இதற்குப் போதும். 1956 ஜூலை 27 அன்று விருதுநகரில் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பு தொடங்கினார். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைப்பது அவருடைய கோரிக்கைகளில் ஒன்று. அக்டோபர் 13 அன்று இறந்தார். 1957 மே மாதம் புதிய சட்டமன்றம் கூடியதும் தி.மு.க. அந்தப் பெயர் மாற்றத்துக்குத் தீர்மானம் கொண்டுவந்தது, தோற்றது. 1961இல் பிரஜா சோஷலிஸ்ட் உறுப்பினர் சின்னத்துரையின் தீர்மானத்தின்போது அரசு பாதி வழி இறங்கி வந்தது. தமிழில் எழுதும்போது தமிழ்நாடு என்று எழுதிக்கொள்ளலாம், ஆங்கிலத்தில் மெட்ராஸ் ஸ்டேட் நீடிக்கும் என்றது. அரைகுறை வெற்றிதான், அதிலும் பெயர் வேறொரு கட்சிக்காரருக்கு. ஆனால் 1957இல் முடியவே முடியாது என்றிருந்த அரசு, நான்கே ஆண்டுகளில் பேரம் பேசும் நிலைக்கு வந்திருந்தது.

தொகுதிக்காக என்ன செய்தார் என்ற கேள்விக்கு வருவோம். காஞ்சிபுரம் என்றால் பட்டு. பாவும் ஊடையும் முதலாளியிடமிருந்து வரும், தறி வீட்டுக்குள் குழியில் இருக்கும், கூலி சேலைக்கு இவ்வளவு என்று பேசப்படும். கரையை உடலோடு இணைத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு ஊடை கோத்துக் கொடுக்க இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும்; பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை. இந்த வாழ்க்கையை அண்ணாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருந்ததில்லை. 1950களின் தொடக்கத்தில் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர்கள் தெருவுக்கு வந்தபோது, தி.மு.க.வினர் ஊர் ஊராகத் துணியைத் தோளில் போட்டு விற்றார்கள். 1953இல் திருச்சித் தெருக்களில் அண்ணாவே விற்றார். அதே 1953இல் மத்திய அரசு ஆலைத் துணியின் மேல் கூடுதல் வரி போட்டு, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் ஒதுக்கச் சட்டம் செய்தது. வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று அப்போதைய முதலமைச்சர் ராஜாஜியும் வாதாடினார். ஆக, நெசவாளர் துயரத்தை முதலில் கண்டவர்கள் தாங்களே என்று எந்தக் கட்சியும் சொந்தம் கொண்டாட முடியாது. ரக ஒதுக்கீட்டுக்கென்று தனிச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1985இல்தான். ஆலை நூல், ஆலைத் துணி, வரி எல்லாவற்றிலும் முக்கியமான கயிறு டெல்லியில் இருந்ததால், காஞ்சிபுரத்து உறுப்பினர் கோட்டையில் எவ்வளவு பேசினாலும் தறிக்குழி வரை எட்டியது கொஞ்சம்தான்.

1962இல் காஞ்சிபுரம் அவரைத் தோற்கடித்தது. வென்றவர் காங்கிரசின் எஸ்.வி.நடேச முதலியார், பேருந்து நிறுவன உரிமையாளர். முந்தைய பதினைந்து பேரையும் குறிவைத்து காங்கிரஸ் வேலை செய்தது; கருணாநிதி ஒருவர்தான் தஞ்சாவூருக்கு மாறி நின்று தப்பினார். வேடிக்கை என்னவென்றால், பதினைந்து இடம் ஐம்பதாக வளர்ந்த தேர்தலும் அதுதான். பணம் பாய்ந்தது என்று தி.மு.க. தரப்பில் சொன்னார்கள், பாய்ந்திருக்கலாம். ஆனால் ஊர் ஊராகக் கட்சி வளர்க்கப் போன ஒருவர், சொந்தத் தொகுதியில் அன்றாடம் கிடைக்கும் ஆளாக இருந்திருக்க முடியாது என்பதும் உண்மை. பஸ் வைத்திருப்பவர் ஊரிலேயே இருப்பார், அவசரத்துக்குக் கிடைப்பார். அந்தக் கணக்குப்படி காஞ்சிபுரத்து வாக்காளர் செய்தது தவறென்று சொல்லிவிட முடியாது.

அந்தத் தோல்வி அவரை மாநிலங்களவைக்கு அனுப்பியது. அவருடைய சட்டமன்ற வாழ்வின் உச்சம் அங்கேதான் என்று நான் கருதுகிறேன். 1962 மே 1 அன்று கன்னிப் பேச்சு. குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் விவாதத்தில் எழுந்து, தான் திராவிட இனத்தைச் சேர்ந்தவன், அதில் பெருமைப்படுகிறவன், அதனால் வங்காளிக்கோ மராட்டியருக்கோ குஜராத்திக்கோ எதிரியல்ல என்று தொடங்கி, சுயநிர்ணய உரிமை கேட்டார். குறுக்கீடுகளுக்கு நடுவே, கேட்பவர் ஏற்காவிட்டாலும் கவனிக்கும்படி பேசினார். அந்த ஆண்டே விலைவாசிப் போராட்டத்தில் வேலூர்ச் சிறைக்குப் போனார். அக்டோபரில் சீனப் படையெடுப்பு. பிரிவினைப் பேச்சை நிறுத்திவைத்து, போர் முயற்சிக்குத் துணை நின்றார்.

இருந்தும் பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. சி.பி.ராமசாமி ஐயர் தலைமையிலான குழு பரிந்துரைத்தது. வேட்பாளரும் உறுப்பினரும் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று விதித்தது. யாரை நினைத்து எழுதப்பட்டது என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. 1963 ஜனவரி 25 அன்று அண்ணா மாநிலங்களவையில் அதை எதிர்த்துப் பேசினார். வாதம் கொள்கை முழக்கமாக இல்லாமல் ஒரு வழக்கறிஞருடையதாக இருந்தது. இறையாண்மை ஓர் இடத்தில் குவிந்து கிடப்பதில்லை. அரசியல் இறையாண்மை மக்களிடம் இருக்கிறது, சட்ட இறையாண்மை ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கிறது. எங்களோடு வாதாடுங்கள், வாயை அடைக்காதீர்கள் என்றார். திருத்தம் நிறைவேறியது. அந்த ஆண்டே தி.மு.க. தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டுத் தன் சட்டதிட்டத்தைத் திருத்திக்கொண்டது.

கோழைத்தனம் என்றார்கள் சிலர், தந்திரம் என்றார்கள் சிலர். உள்ளே உட்கார்ந்து பேசும் பழக்கம் ஆறு ஆண்டுகளில் அந்தக் கட்சியை மாற்றியிருந்தது என்பது என் வாசிப்பு. அவையை விட்டு வெளியேறித் தடைசெய்யப்பட்ட இயக்கமாவதா, கோரிக்கையை விட்டு அவையில் இருப்பதா என்ற நிலையில் அவர் அவையைத் தேர்ந்தார். கேட்டதில் எஞ்சியதை, அதாவது மொழி, பெயர், மாநில உரிமை ஆகியவற்றை, அரசியலமைப்பின் கதவு வழியாகவே கொண்டுவர முயன்றார்.

1963இல் மூன்று வாதங்களை அடுத்தடுத்து நடத்தினார். ஒன்று இந்தத் திருத்தம். இரண்டாவது ஆட்சிமொழி மசோதா. இந்திக்கு எண்ணிக்கையே தகுதி என்றால் மயிலுக்குப் பதில் காகத்தைத் தேசியப் பறவையாக்கியிருக்க வேண்டும் என்ற அவருடைய வாதத்தைத் தமிழ்நாட்டில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது, கம்யூனிஸ்ட் உறுப்பினர் பூபேஷ் குப்தா கொண்டுவந்த பெயர் மாற்ற மசோதா. வங்காளத்துக்காரர் தமிழ்நாட்டின் பெயருக்காக மசோதா கொண்டுவந்தார் என்பதே தனிச் செய்தி. பெயரை மாற்றி என்ன லாபம் என்று கேட்டார்கள். பாராளுமன்றத்தை லோக்சபா என்றும் குடியரசுத் தலைவரை ராஷ்டிரபதி என்றும் அழைத்து நீங்கள் கண்ட லாபம் என்ன என்று திருப்பிக் கேட்டார் அண்ணா. பரிபாடலிலும் பதிற்றுப்பத்திலும் சிலப்பதிகாரத்திலும் சான்று காட்டினார். மசோதா தோற்றது.

1967இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது, காட்சி மாறியது. அண்ணா தென்சென்னையில் மக்களவைக்கு நின்று வென்று, முதலமைச்சரானதும் அதைத் துறந்து சட்ட மேலவைக்கு வந்தார். முதலமைச்சராக இருந்த காலத்தில் அவர் எந்தச் சட்டமன்றத் தொகுதிக்கும் உறுப்பினரில்லை. அவருக்கு இடம் கொடுத்த மேலவையும் 1986இல் கலைக்கப்பட்டது.

1967 ஜூலை 18 அன்று, சி.பா.ஆதித்தனார் பேரவைத் தலைவராக இருந்த அவையில், பெயர் மாற்றத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பத்தாண்டுகளுக்கு முன் எதிர்த்து வாக்களித்த கட்சியும் ஆதரித்தது. மாநிலத்தின் பெயரை மாற்றும் அதிகாரம் அரசியலமைப்பின் மூன்றாவது பிரிவின்படி நாடாளுமன்றத்துக்கே உண்டு. ஆகவே கோட்டைத் தீர்மானம் டெல்லிக்குப் போய், 1968இல் சட்டமாகி, 1969 ஜனவரி 14 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின் அண்ணா இருபது நாள்தான் உயிரோடிருந்தார்.

அவர் அரசு இயற்றிய சட்டங்களில் சிறந்தது எது என்று கேட்டால் நான் சுயமரியாதைத் திருமணச் சட்டத்தைச் சொல்வேன். இதன் பின்னணியில் ஒரு கசப்பான தீர்ப்பு இருக்கிறது. 1920களின் இறுதியிலிருந்து புரோகிதர் இல்லாமல், மந்திரம் இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் மணந்துகொண்டார்கள். 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் அப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்றது. மேடையில் வாழ்த்திய தலைவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சொத்து என்று வந்தபோது மனைவி மனைவியில்லை, பிள்ளைக்குப் பங்கில்லை என்ற சிக்கல் அந்தக் குடும்பங்களின் தலையில் விழுந்தது.

திருமணம் பொதுப் பட்டியலில் இருப்பதால், மத்தியச் சட்டத்தை மாநிலம் திருத்தக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அந்த வழியில் 1967ஆம் ஆண்டின் 21ஆவது சட்டம், 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உற்றார் உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம். அல்லது தாலி கட்டலாம். எதுவாயினும் திருமணம் செல்லும். இதைவிட முக்கியம், சட்டத்துக்கு முன் நடந்த இத்தகைய திருமணங்களும் செல்லும் என்று சேர்த்ததுதான். நாற்பது ஆண்டுத் திருமணங்களை ஒரே பிரிவு காப்பாற்றியது. 1968 ஜனவரி 20 முதல் நடைமுறை.

குறைகள் இதிலும் உண்டு. இந்து திருமணச் சட்டத்துக்குள் வருபவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். மதம் கடந்து மணப்பவர்கள் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தையும் அதன் முப்பது நாள் அறிவிப்பையும் நாட வேண்டியதுதான். ஆனால் 2023 ஆகஸ்டில்கூட உச்சநீதிமன்றம், இந்தப் பிரிவின் கீழ் மணக்க ஊரைக் கூட்ட வேண்டியதில்லை, வழக்கறிஞர்கள் நண்பர் என்ற முறையில் முன்னின்றாலும் செல்லும் என்று சொன்னது. சாதி கடந்து மணந்து பயந்து ஓடிவரும் பிள்ளைகளுக்கு இன்றும் முதலில் கைகொடுப்பது இந்தப் பிரிவு.

1968 ஜனவரி 23 அன்று நிறைவேறிய இருமொழித் தீர்மானம் வேறு வகை. அது சட்டம்கூட இல்லை, அவைத் தீர்மானம். அரசுப் பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமும் போதும் என்றது. இந்தி எதிர்ப்பு மாணவர் கொந்தளிப்பின் நடுவே வந்தது. தெருவில் கிளம்பியதை அவைக்குள் கொண்டுவந்து அமைதிப்படுத்தியது. அன்று முதல் எந்தக் கட்சி ஆண்டாலும் மாறவில்லை. மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார்கள். நிச்சயம் என்றது சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது, மாநிலம் முழுவதும் கொடுக்கக் கருவூலம் இடம் தரவில்லை. மதுவிலக்கைத் தளர்த்தி வருமானம் தேட அண்ணா மறுத்தார். அதே அரசு 1968இல் பரிசுச்சீட்டு தொடங்கியது. ஏழையின் பையிலிருந்து பணம் எடுக்கும் அந்த ஏற்பாட்டை 2003 வரை நிறுத்த முடியவில்லை.

குறை சொல்லாமல் விட முடியாத ஒன்று 1968 டிசம்பர் 25. கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயக் கூலிகளின் குடும்பத்தார் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அண்ணா நோயில் இருந்தார் என்பது உண்மை. ஆனால் கீழத்தஞ்சையில் கூலித் தகராறு அந்த டிசம்பரில் திடீரென்று வந்ததல்ல. விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் 1969இல், அவர் இறந்த பிறகு வந்தது. நில உச்சவரம்பை 30 தர ஏக்கரிலிருந்து 15ஆகக் குறைத்தது 1970இல். பெயரிலும் மொழியிலும் திருமணத்திலும் காட்டிய வேகத்தை நிலத்தில் அந்த முதல் அரசு காட்டவில்லை. ஏழைகளின் கட்சி என்று வந்தவர்களுக்கு இது சின்னக் குறையல்ல.

அண்ணாவைச் சட்டமன்றவாதியாக மதிப்பிடுபவர்கள் வழக்கமாக 1967ஐத் தொடக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். அப்படி வைத்தால் கையில் கிடைப்பது சில சட்டங்களும் தீர்மானங்களும்தான். பெயர் மாற்றத்தின் முழு வாதமும் தோற்ற அவைகளில் நடந்து முடிந்திருந்தது. ஒருமனதாக நிறைவேறிய நாளில் புதிதாகச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, எதிர்க்க வேண்டியவர்களின் வாதம் ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தது. திருமணச் சட்டத்திலும் அப்படித்தான்: மேடையில் தொடங்கி நீதிமன்றத்தில் தோற்ற ஒன்றை, எந்தப் பட்டியல், எந்தப் பிரிவு, யார் ஒப்புதல் என்று பார்த்து எழுதினார்கள். பிரிவினை கேட்டு வந்தவர் அரசியலமைப்பை அதை ஆதரித்தவர்களைவிட நன்றாகப் படித்திருந்தார்.

தொகுதி உறுப்பினராக அவருக்குச் சுமாரான மதிப்பெண்தான் போடுவேன். நிலச் சட்டத்தில் அதற்கும் கீழே. எதிர்வரிசை உறுப்பினராக அவருக்கு இணையாகத் தமிழ்நாடு அனுப்பியவர்கள் மிகச் சிலரே. காஞ்சிபுரத்தில் அவருடைய நினைவு இல்லத்தைப் பார்க்கப் போகிறவர்கள், திரும்பி வந்ததும் 1957 முதல் 1962 வரையிலான சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளையும் 1963ஆம் ஆண்டு மாநிலங்களவை விவாதங்களையும் எடுத்துப் படிக்க வேண்டும். குறுக்கிட்டவர்களின் பேச்சையும் விடாமல் படியுங்கள்.